துரையின் கீழறைக்குப் பலகை போட்டது

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு திரிந்த அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காலையில் நடக்கப் போவதை நிறுத்திவிட்டார். லாபு ரோட்டில் வேறொரு தோட்டத்துத் துரையைச் சுட்டுவிட்டார்கள். பங்களாவுக்குக் கீழே சிமெண்டு அறை ஒன்று இருந்தது. அதிலேயே உடற்பயிற்சிக்குக் குதிக்கவும் இரும்புக் குண்டு தூக்கவும் பலகைத் தரை வேண்டும் என்றார். நானும் நான் அண்ணன் என்று கூப்பிடும் மூத்த தச்சர் ஒருவரும் போனோம்.

சிமெண்டு வேர்த்துக் கிடந்தது. தார் பூசிக் காயவிட்டு மரச் சட்டங்களைப் பதித்தோம். முதல் பலகை வைக்கும்போது அண்ணன் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். மஞ்சளும் பச்சரிசியும். ஒரு பிடிகூட இல்லை. ஆனால் தொழிலாளர் லயத்தைச் சுற்றிய கம்பிவேலியைத் தாண்டி அரிசி கொண்டுபோனால் காட்டுக்காரர்களுக்கு என்றுதான் போலீஸில் எழுதுவார்கள். தடுப்பு முகாம், பிறகு இந்தியாவுக்குக் கப்பல். அவருக்கு லயத்தில் மனைவியும் மூன்று பிள்ளைகளும்.

"அண்ணே, வேணாம்லா. தூக்கிப் போடுங்க."

"அரிசி வைக்காம முதல் பலகை அடிச்சதே இல்லடா. துரை குதிக்கிற குதிக்கு சாமி துணை வேணும்லா!"

முடிச்சைப் பலகைக்கு அடியில் வைத்து, சிரித்துக்கொண்டே ஆணி அடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் பங்களாவின் காவலைப் பார்க்கப் போலீஸ் வந்தது. வெள்ளைக்கார சார்ஜன்ட் பூட்ஸால் பலகையைத் தட்டினான். உள்ளே வெற்றிடம் போலக் கேட்டது. சட்டத்தின் மேல் போட்ட தரை அப்படித்தான் கேட்கும். அதைத் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொன்னேன், அவர் இங்கிலீஷில் சொன்னார். சார்ஜன்ட் கேட்கவில்லை. என்னையே ஒவ்வொரு பலகையாகப் பெயர்க்கச் சொன்னான். முதலில் அடித்த மூலைப் பலகைக்கு அடியில் முடிச்சு இருந்தது.

"சாமிக்குங்க ஐயா, வேல நல்லா முடியணும்னு. சொல்லுங்க ஐயா!" என்று அண்ணன் கிராணியைக் கெஞ்சினார்.

கிராணி பக்கத்தில் நின்ற துரையின் முகத்தைப் பார்த்தார். துரை வாய் திறக்கவில்லை என்றதும் அவரும் திறக்கவில்லை. அந்தத் துரைக்கு எல்லாம் தெரியும். வருஷா வருஷம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்து மாலை போட்டுக்கொண்டு, மஞ்சள் அரிசியைத் தலையில் தூவிக்கொண்டு போன ஆள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நானும் பயந்து வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

அண்ணனை லாரியில் ஏற்றினார்கள். இரண்டு மாதத்தில் அவர் குடும்பத்தையும் லயத்தைவிட்டுக் கிளப்பினார்கள்.

லாரி கிளம்பியதும் துரை கேட்டது ஒன்றுதான். தரை முடிய இன்னும் எத்தனை நாள்?

இரண்டு நாள் என்றேன். அன்றைக்கே முடித்தேன். அந்த அறையில் இன்னொரு நாள் நிற்க என்னால் முடியாது.