ஈரக்காற்றில் பறந்த ஏவுகணை

ஏர்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் ஏவுகணை செய்யப் போனாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கொஞ்ச காலத்துக்கு நானே நம்பவில்லை.

மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங்கில் இருந்த அந்தக் குளிர்சாதனத் தொழிற்சாலையில் நான் பொறியாளர். விசிறி இந்த வேகத்தில் சுற்றினால் எவ்வளவு காற்று வரும், அந்தக் காற்றில் ஈரம் எவ்வளவு, அது எந்த இடத்தில் தண்ணீராகிச் சொட்டும் என்று கணக்குப் போடுவதுதான் பல வருடங்கள் என் பிழைப்பு. வேலை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் நான் கணக்குப் போட்ட காற்று ஒருநாளும் ஓர் அறையைத் தாண்டிப் போனதில்லை.

என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த நண்பன் ஒருவன் கோலாலம்பூர் செந்தூல்காரன். கடற்போரைப் பற்றிய கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தான். இரண்டு கப்பற்படைகள் பரந்த கடலில் ஒன்றையொன்று ரேடாரால் தேடும். முதலில் கண்டுபிடிப்பவர் ஏவுகணையை விடுவார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் சின்ன ஆபீஸ். அவன் நிரல் எழுதினான். படம் வரைய ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். கப்பல்களை அவள் அவ்வளவு அழகாக வரைந்திருந்தாள், பக்கவாட்டில் துரு வழிந்த கறைகூடத் தெரியும்.

ஒருநாள் அவன் எனக்குப் போன் செய்தான். குரலே சரியில்லை.

"வெளியீட்டு கம்பெனிக்காரங்க கேம வேணான்னு சொல்லிட்டாங்க லா."

"ஏன், என்னவாம்?"

"அவங்க ஆளு ஒருத்தரு விளையாடிப் பாத்திருக்காரு. நேவில ரேடார் ஆபீசரா இருந்தவராம். கப்பலெல்லாம் அருமை, மிசைல்தான் விளையாட்டுச் சாமான்னு எழுதிட்டாரு."

அந்த வார இறுதியில் போய்ப் பார்த்தேன். அந்த மனிதர் சொன்னதில் தப்பே இல்லை. ஏவுகணை புறப்பட்ட கணத்திலிருந்து ஒரே வேகத்தில் போனது. மேலே ஏறினாலும் அதே வேகம், திரும்பினாலும் அதே வேகம். தண்டவாளத்தில் போகும் ரயில் மாதிரி கோடு பிடித்துப் போய் இலக்கில் முட்டியது. அது பறந்த உலகத்தில் காற்றே இல்லை.

"காத்து எங்க?" என்று கேட்டேன்.

"காத்து எதுக்கு? கேம்தானே."

"அதான் அவரு வேணான்னுட்டாரு."

அவன் நாற்காலியை என் பக்கம் தள்ளினான். பிறகு, "நீ வந்து போடேன்" என்றான்.

திருத்திய விளையாட்டைச் சில மாதங்களில் அனுப்பினால் இன்னொரு முறை பார்ப்பதாக அந்த நிறுவனம் சொல்லியிருந்தது. நான் வேலையை விட்டேன். கிள்ளானிலிருந்து காலையில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடக்க ஆரம்பித்தேன். அம்மா மட்டும் விடவில்லை.

"நல்ல பேக்டரி வேலைய விட்டுட்டு, குண்டு போடப் போறியா?"

"குண்டு இல்லம்மா, ஏவுகணை."

"எதுவா இருந்தா என்னா. ஏர்கான் ரிப்பேர்னா ஊருக்காச்சும் உதவும்."

முதல் வேலையாக ஏவுகணைக்கு எடை கொடுத்தேன். எரிபொருள் எரிய எரிய அந்த எடை குறைய வேண்டும். எரிபொருள் தீர்ந்தபின் உந்துவதற்கு ஒன்றுமில்லை. சேர்த்துவைத்த வேகத்தில்தான் மிச்சத் தூரத்தைக் கடக்க வேண்டும். பிறகு காற்றைக் கொடுத்தேன். கடல்மட்டத்தில் கனமான காற்று, மேலே போகப் போக மெல்லிய காற்று. வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு அதைவிடப் பல மடங்கு கூடும். கூர்மையாகத் திரும்பினால் அதற்கும் வேகத்தில் விலை கொடுக்க வேண்டும்.

எல்லாம் முடித்து ஓட்டிப் பார்த்த நாளில் மூவரும் ஒரே திரையைச் சுற்றி நின்றோம். ஏவுகணை சீறிக் கிளம்பியது. பாதித் தூரம் போனது. பிறகு களைத்துப்போனது போல மூக்கைக் கவிழ்த்துக் கடலில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. எந்தக் கப்பலிலிருந்து எதை விட்டாலும் கடலுக்குத்தான் போனது.

"தீபாவளி வாணம்கூட இதவிடத் தூரம் போகும்லா" என்றான் நண்பன்.

படம் வரையும் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் என் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். கணக்கில் தப்பில்லை. ரயிலில் உட்கார்ந்தாலும் அதே யோசனை, சோறு பிசைந்தாலும் அதே யோசனை. ஒரு காலை, கிள்ளான் பாலத்தை நடந்து கடக்கும்போது உறைத்தது. ஏவுகணையைக் காற்றுள்ள உலகத்துக்குள் கொண்டுவந்துவிட்டேன். அதை ஓட்டும் மூளை மட்டும் இன்னும் காற்றில்லாத பழைய உலகத்திலேயே இருந்தது. புறப்பட்டவுடன் இலக்கை நோக்கி நேர்க்கோட்டில் போ என்றுதான் அதற்குக் கட்டளை. கனமான காற்றில் முட்டி மோதியே அது தன் பலத்தையெல்லாம் தீர்த்துவிடுகிறது.

கட்டளையை மாற்றி எழுதினேன். முதலில் செங்குத்தாக மேலே ஏறு. மெல்லிய காற்றுக்குப் போனபின் படுத்துப் பற. இலக்கு நெருங்கியதும் இறங்கு.

அன்று மத்தியானம் ஏவுகணை ஏறியது, ஏறிக்கொண்டே போனது. ஒரு பெரிய வில் போல வளைந்து, பழைய தூரத்தையெல்லாம் தாண்டி, எதிரிக் கப்பலின் நடுப்பக்கத்தில் இறங்கியது. நண்பன் நாற்காலியிலிருந்து குதித்த குதிப்பில் கீழே பூக்கடைக்கார அக்கா என்னவோ ஏதோ என்று படியேறி வந்துவிட்டார்.

"என்னாச்சு தம்பி? யாராச்சும் விழுந்துட்டாங்களா?"

"விழலக்கா! விழவே இல்ல!"

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அதோடு அனுப்பியிருக்கலாம். நண்பன் அதைத்தான் விரும்பினான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிள்ளான் துறைமுகப் பக்கம் மீன் சாப்பிடப் போனோம். காரின் குளிரிலிருந்து வெளியே காலை வைத்ததும் என் கண்ணாடி முழுக்கப் பனிமூட்டம். துடைத்தேன், மறுபடியும் மூடியது. தொழிற்சாலையில் இதே ஈரத்தோடுதான் வருடக்கணக்கில் மல்லுக்கட்டினேன். கடலுக்குப் பக்கத்தில் நின்றபோது அது இன்னும் கனமாக, தோலில் ஒட்டுவது போல இருந்தது.

நான் விளையாட்டுக்குக் கொடுத்திருந்தது பாடப்புத்தகக் காற்று. எங்கேயோ குளிர்நாட்டில் அளந்த, காய்ந்த, ஒழுங்கான காற்று. எங்கள் கதை நடப்பதோ மலாக்கா நீரிணையில். வெதுவெதுப்பான கடலின்மேல் ஈரக்காற்று ஒரு மெல்லிய பாய் விரித்தது போலப் படிந்திருக்கும். அந்தப் பாய்க்குள் நுழையும் ரேடார் அலை வெளியே தப்ப முடியாமல் கடலோடு வளைந்து வளைந்து போகும். அதனால் தொடுவானத்துக்கு அப்பால் மறைந்திருக்கும் கப்பல்கூடச் சில வேளைகளில் ரேடாரில் தெரிந்துவிடும். இதைப் படித்திருக்கிறேன். இந்த விளையாட்டுக்கு இதுதான் உயிர் என்பது அந்த இடத்தில்தான் தோன்றியது.

"சாப்பிட வந்தியா, கண்ணாடி தொடைக்க வந்தியா?" என்றார் அம்மா.

மறுநாள் நண்பனிடம் சொன்னேன். அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். எழுதித் தருகிறேன் என்று பிடிவாதமாக எழுதியும் கொடுத்தேன். அவன் பயந்தது போலவே ஆனது. ஒவ்வொரு ரேடார் அலைக்கும், ஒவ்வொரு ஏவுகணைக்கும் தனித்தனியாகக் காற்றைக் கணக்குப் போட்டதில் கணினி திணறியது. படம் விட்டுவிட்டு நகர்ந்தது.

"யாரு இத கவனிக்கப் போறா? சொல்லு."

"அந்த நேவிக்காரரு கவனிப்பாரு."

"அவருக்காக மட்டுமா கேம் செய்யிறோம்?"

"இல்ல. எனக்காகவும்தான்."

கோபத்தில் சொன்னேன். அவன் தேநீர் வாங்கக் கீழே போனான். திரும்பி வந்தபோது கையில் தேநீர் இல்லை, யோசனை ஒன்று இருந்தது.

"ஏவுகணைக்கு ஒண்ணொண்ணா கணக்குப் போட வேணாம்லா. கடல கட்டம் கட்டமா பிரிச்சிருவோம். கட்டத்துக்கு ஒரு காத்து. முன்னாடியே கணக்குப் போட்டு வச்சிட்டா, அந்தப் பக்கமா போறதெல்லாம் எடுத்துப் பாத்துக்கும்."

எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. இரண்டே வாரத்தில் அவன் அதைச் செய்து முடித்தான். படம் வரையும் பெண் ஒவ்வொரு கட்டத்தின் ஈரத்துக்கும் ஏற்றபடி கடலின் தூரத்து நிறத்தை மங்கவைத்தாள். புகைமூட்ட மாதங்களில் எங்கள் ஊர் வானம் எப்படியிருக்குமோ, அப்படி ஒரு சாம்பல் நிறம்.

அந்த அதிகாரி விளையாடிப் பார்த்த காலையில், வீடியோ அழைப்பில் அவர் முகமும் அவர் விளையாடும் திரையும் எங்களுக்குத் தெரிந்தன. நரைத்த மனிதர், சிரிப்பே இல்லை. ஆங்கிலத்தில் அளந்து அளந்து பேசினார். ஏவுகணை வளைந்து ஏறுவதைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பிறகு முகம் சுருங்கியது.

இங்கே ஒரு பிழை இருக்கிறது என்றார். தொடுவானத்துக்குக் கீழே இருக்கும் கப்பல் ரேடாரில் தெரிகிறது, இது தெரியக்கூடாது.

நண்பன் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். கடல் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் திறந்து பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் திறந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், திரைக்கு அருகே குனிந்தார். பிறகு அந்தச் சிரிக்காத மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

"காற்றையா உள்ளே வைத்தீர்கள்?" என்றார். "யார் செய்தது?"

நண்பன் என்னைக் காட்டினான். அவர் ஒரு கணம் எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்தார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் ஒரு சுற்று என்று சொல்லி, சந்திப்பு முடிந்தபிறகும் விளையாடிக்கொண்டே இருந்தார். அன்று மத்தியானம் நாங்கள் மூவரும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ரசத்தை வாங்கி வாங்கிக் குடித்தோம். கைகழுவப் போன இடத்தில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, நான் கொஞ்சம் அழுதேன்.

விளையாட்டு வெளியானதும் அம்மாவுக்கு ஓட்டிக் காட்டினேன். ஏவுகணை உயர ஏறி, வளைந்து இறங்கிக் கப்பலைத் தாக்கியது. நெருப்பு எழுந்தது. அம்மா கேட்டார்:

"அந்தக் கப்பல்ல ஆளு இருக்காங்களா?"

"கம்ப்யூட்டர்தாம்மா."

"நிஜக் கப்பல்ல இருப்பாங்கல்ல?"

இருப்பார்கள் என்றேன். விளையாட்டின் அடுத்த பதிப்பில் உயிர்காப்புப் படகுகளைச் சேர்த்தோம். தண்ணீரில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றாத தளபதிக்கு வெற்றி முழுமையாகாது என்று விதியும் எழுதினோம். ஆட்டக்காரர்கள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

சில மாதங்கள் கழித்து ஆட்டக்காரர்களே இணையத்தில் ஒரு போட்டி நடத்தினார்கள். இறுதி ஆட்டத்தை வீடு திரும்பும் கொமுட்டரில் கைபேசியில் பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கோ தூர நாட்டுக்காரி ஒருத்தி தோற்றுக்கொண்டிருந்தாள். எதிரி அவளைத் தொடுவானத்துக்கு அப்பாலிருந்தே பார்த்துவிட்டான். அவள் சுடவில்லை, ஓடிக்கொண்டே இருந்தாள். ஏன் ஓடுகிறாள் என்று எனக்கும் புரியவில்லை. மேற்கே ஒரு மழைக்காற்று கிளம்பி வந்துகொண்டிருந்தது. அவள் நேராக அதற்குள் போனாள். காற்று அடித்ததும் கடல்மேல் படிந்திருந்த ஈரப்பாய் கலைந்தது. எதிரியின் ரேடாரில் அவள் காணாமல் போனாள்.

மழைக்காற்றையும் நான் எழுதினேன், ஈரத்தையும் நான் எழுதினேன். ஒன்றால் இன்னொன்றைக் கலைத்து ஒளிந்துகொள்ளலாம் என்று நான் எங்கும் எழுதவில்லை. அவள் என் காற்றை அவ்வளவு நம்பியிருக்கிறாள். மழைக்குள்ளிருந்து அவளுடைய ஏவுகணைகள் வெளிவந்து எதிரியை மூழ்கடித்தபோது நான் ரயில் என்பதையும் மறந்து கத்திவிட்டேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

பக்கத்தில், சந்தைக்குப் போய்வந்த பாசார் பையோடு உட்கார்ந்திருந்த ஆன்டி கைபேசியை எட்டிப் பார்த்தார்.

"பந்து மேட்சா ம்மா? யாரு ஜெயிச்சா?"

"நாங்கதான், ஆன்டி" என்றேன்.

"நல்லது, நல்லது" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து என் கையில் வைத்தார்.