பலகைக்கு அந்தப் பக்கம்

என் கணவருக்குக் காது மந்தமாகி வருகிறது என்பதை நான் முதன்முதலில் உணர்ந்தது சர்ச்சில்தான். அங்கே ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்காருவோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் பாட்டின் அடியை முடித்து மூச்சு வாங்கும் நேரத்தில், ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்தியில் மெய்மறந்து பாடுகிறார் என்று வீட்டுக்கு வந்து கேலிகூடச் செய்தேன். அவர் எதற்காக நான் சிரிக்கிறேன் என்று தெரியாமல் தானும் சிரித்தார்.

அவர் தச்சர். இப்போது அதை இன்டீரியர் வேலை என்கிறார்கள். சமையலறை அலமாரி, டிவி யூனிட், கடைகளுக்கு நடுத்தடுப்பு, எல்லாம் பிளைவுட்டில். செம்மண்டலத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வேலை கடலூரிலும் சிதம்பரத்திலும் மாறி மாறி வரும். எனக்குத் தாய்வீடு குமராட்சிப் பக்கம். நான் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். லாக்டவுனில் மூடிய பள்ளி திரும்பத் திறக்கவே இல்லை.

முன்பெல்லாம் ஒயர் வைத்த டிரில் மிஷினைத்தான் அவர் வைத்திருந்தார். பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றை வாங்கியபோது குழந்தையைத் தூக்கிவருவதுபோல் மார்பில் அணைத்துக்கொண்டு வந்தார். பிளக் தேட வேண்டாம், ஒயர் காலில் சிக்காது. சாதாரண டிரில் சுற்ற மட்டும்தான் செய்யும். இது ஸ்க்ரூ இறுக ஆரம்பித்ததும் உள்ளுக்குள்ளேயே சுத்தியலால் அடிப்பதுபோல் அடித்து இறுக்கும். அந்த அடிதான் சத்தம். டகடகடகவென்று தகரக் கொட்டகையின் மேல் கல்மழை பெய்வதுபோல் இருக்கும். அலமாரி வேலையில் பெட்டிக்குள் தலையை விட்டுத்தான் மூலைகளில் ஸ்க்ரூ ஏற்ற வேண்டும். தலை, மிஷின், சத்தம் மூன்றும் ஒரே பெட்டிக்குள். நாள் முழுக்க அப்படி. மிஷின் வந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரர் கண்ணாடியும் காதுக்கு மூடியும் போட்டுக்கொண்டு நிற்கும் படம் இருந்தது. அது விளம்பரத்துக்காக என்று நினைத்தோம்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. டிவி சத்தம் கூடியது. நான் வாய்க்குள்ளேயே பேசுகிறேன் என்று குறை சொல்ல ஆரம்பித்தார். குக்கர் விசில் அடித்தாலும் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருப்பார். காதுக்குள் ஏதோ பூச்சி இரைவதுபோல் இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, மரத்தூள் அடைத்திருக்கும், தானே சரியாகும் என்றார். கூட வேலை செய்துகொண்டிருந்தவர் மச்சான் முறை. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் கத்தியே பேச வேண்டியதாகி, கத்துவது சண்டையாகி, மச்சான் புதுச்சேரிப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதன்பிறகுதான் நான் என் கணவரோடு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அளவு நாடாவைப் பிடிப்பது, பலகையைத் தாங்குவது, ஸ்க்ரூவை எடுத்துக் கொடுப்பது. பள்ளிக்கூட வேலையைவிட இது எனக்குப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்வேன். மதியம் இரண்டு பேரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டோம்.

சிதம்பரத்தில் தேர் ஓடும் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் புதிதாக மருந்துக்கடை ஒன்று வரவிருந்தது. கடைக்கும் பின்னால் சரக்கு வைக்கும் இடத்துக்கும் நடுவில் பிளைவுட்டில் தடுப்பு அடிக்க வேண்டும். தடுப்பு தரையிலிருந்து கூரைவரை போகும், ஓரத்தில் மட்டும் ஆள் நுழைகிற அளவுக்கு வழி. அவர் கடைப் பக்கம் நின்றார். நான் பின்பக்கம் நின்று, ரீப்பர் என்கிற ஒல்லியான சட்டக் கட்டையைப் பலகையோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் முன்பக்கத்திலிருந்து ஸ்க்ரூ ஏற்றுவார். பலகையைத் துளைத்து வரும் ஸ்க்ரூ கட்டைக்குள் போய் உட்காரும். கட்டை சரியாக இருந்தால் நான் "ம்" என்பேன். அவர் ஏற்றுவார். காலையிலிருந்து அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

உச்சிவெயில் நேரம். பின்பக்கம் ஜன்னல் கிடையாது. கை வியர்த்துக் கட்டை ஒரு பக்கமாக வழுக்கியது. அதைத் தூக்கிப் பிடிக்க இடது கையை நகர்த்தினேன். கை, கட்டை இல்லாத இடத்தில் பலகைமேல் இருந்தது.

"இருங்க" என்றேன்.

மிஷின் ஓடியது. உள்ளங்கையில் முதலில் சூடுதான் தெரிந்தது. வலி பிறகு வந்தது. கையை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. ஸ்க்ரூவின் மரை சதையைச் சுற்றிக்கொண்டிருந்தது, இழுத்தால் சதையும் சேர்ந்து இழுபட்டது. கத்தினேன். மிஷின் நின்றது. அப்பாடா, கேட்டுவிட்டது என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஸ்க்ரூ தலைவரை இறங்கிவிட்டதால் நிறுத்தியிருக்கிறார். அடுத்த ஸ்க்ரூவை எடுத்து ஒரு சாண் மேலே வைத்து மறுபடியும் ஓட்டினார். அந்த முனையும் என் முகத்துக்கு நேரே பலகையைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

எங்களுக்கு நடுவில் இருந்தது ஒரு பலகை மட்டும்தான். தெருவுக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பெண்ணுக்கு என் சத்தம் கேட்டிருக்கிறது. அவள் ஓடிவந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் பின்பக்கம் வந்து பார்த்தார். ஸ்க்ரூவைக் கழற்றினால்தான் கை வரும், அதற்கு முன்பக்கம்தான் போக வேண்டும். போனார். மிஷினை ரிவர்ஸில் போட லிவரைத் தள்ளும் 'டக்' சத்தம் எனக்குக் கேட்டது. அதே வேகத்தில் சதைக்குள் திருப்பிச் சுற்றினால் என்ன ஆகும்?

"மிஷின் வேணாங்க. கையால கழட்டுங்க" என்றேன்.

அவருக்கு என் முகம் தெரியாது, குரலும் போய்ச் சேராது. ஜெராக்ஸ் கடைப் பெண் தடுப்பின் ஓரத்தில், இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் போய் நின்றாள். நான் சொன்னதை அவரைப் பார்த்துத் திரும்பச் சொன்னாள். சொன்னதோடு கையைத் திருகியும் காட்டினாள். "அக்கா மிஷின் வேணாங்கிறாங்க. ஸ்க்ரூ டிரைவரால மெதுவா கழட்டணுமாம்."

அவர் கையால் திருப்பும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கொஞ்சம் திருப்புவார், நிறுத்துவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையாட்டுவேன். அவள் அவரைப் பார்த்துத் தலையாட்டுவாள். அவர் மறுபடியும் திருப்புவார். பலகைக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. முனை சதையை விட்டதும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்டார்கள், படம் எடுத்தார்கள். எலும்புக்கு ஒன்றும் இல்லை, நரம்பை உரசிக்கொண்டு போயிருக்கிறது என்றார்கள். புண் ஆறியது. நடுவிரலும் மோதிர விரலும் மட்டும் இன்றுவரை முழுசாக மடங்குவதில்லை. சோறு பிசைவது வலது கையில்தானே என்று பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். தலை பின்னும்போதும் துணி பிழியும்போதும்தான் அது தெரியும்.

அவர் வேலைக்குப் போகவில்லை. வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். பார்க்க வந்த அவருடைய அக்கா, மிஷின் ஓடுகிற இடத்தில் நீ ஏன் கையைக் கொண்டுபோய் வைத்தாய் என்று என்னைத்தான் கேட்டார்கள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கேட்டதே அவர் காதில் விழுந்திருக்காது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா போன மறுநாள் காலை, கட்டு மாற்றுவதற்காகத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீ இறுக்குங்கன்னுதான சொன்ன?" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. அவர் மறுபடியும் கேட்டபோதுதான் புரிந்தது. இத்தனை நாளும் இதை மனதுக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் முகத்துக்கு நேராக, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். "இருங்கன்னுதாங்க சொன்னன்."

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இருங்க' என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு 'இறுக்குங்க' என்றார். எழுந்து போய்விட்டார். குளியலறையில் வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே கடலூரில் காது டாக்டரிடம் வந்தார். நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்கார வைத்தார்கள். காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். சத்தம் போகிறது என்பது கம்ப்யூட்டரில் தெரிந்தது. அவர் கட்டைவிரல் பட்டன்மேல் அசையாமல் இருந்தது. பரீட்சையில் கேள்வி புரியாத பிள்ளையின் முகம்போல் இருந்தது அவர் முகம்.

என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். சொன்னோம். தடித்த சத்தம் எல்லாம் கேட்கும், மெல்லிய சத்தங்கள்தான் போயிருக்கின்றன என்றார். பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பதுதான் கேட்காது. பெண்கள் குரலும் பிள்ளைகள் குரலும் முதலில் போகும். போனது திரும்பி வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். மிஷின் ஓட்டும்போது காதை அடைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பஞ்சு உருளை மாதிரி ஒன்று. விரலால் உருட்டி மெல்லிசாக்கிக் காதுக்குள் விட்டால் உள்ளே போய்த் தானே விரிந்துகொள்ளும். இத்தனை வருஷமும் அதை யாரும் சொல்லவில்லையே என்று அவர் பஸ்ஸில் வரும்போது ஒரே ஒருமுறை சொன்னார். காது மெஷினும் வாங்கினோம். கரண்டி கீழே விழுந்தால்கூட மண்டைக்குள் இடி விழுகிறது என்று கொஞ்ச நாளில் கழற்றி வைத்துவிட்டார்.

வேலையை விட முடியாது. வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் நான் அறையில் இருந்தால் அவரால் மிஷினைப் பிடிக்க முடியவில்லை. எடுப்பார், என்னைப் பார்ப்பார், கீழே வைத்துவிடுவார். நான் இல்லாமல் போனால் வேலை கொடுத்த வீட்டுக்காரர்கள் சொல்வது அவருக்குக் கேட்காது. ஒரு வீட்டில் அலமாரிக் கதவை இடம் மாற்றி அடித்துவிட்டு வந்தார். கடைசியில் நான்தான் சொன்னேன், நீங்கள் அளந்து வெட்டிக் கொடுங்கள், ஸ்க்ரூவை நான் ஏற்றுகிறேன் என்று.

அவர் ஒத்துக்கொள்ளப் பல நாள் ஆயிற்று. ஒத்துக்கொண்டபிறகு, எனக்குக் கற்றுக்கொடுப்பதற்குப் பதிலாகச் சட்டங்கள் போட்டார். துப்பட்டா கூடாது. அவருடைய பழைய சட்டை ஒன்றை, கையை மடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன். சடையைக் கொண்டையாக்கிக் கட்டினேன். கண்ணாடி, காதுக்குப் பஞ்சு. முனையை மாற்றுவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றிக் கீழே வைக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நடக்கும்போது லிவர் நடுவில் இருக்க வேண்டும், அப்போது விரல் பட்டாலும் ஓடாது. ஸ்க்ரூவைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து நீளம் பார்க்காமல் ஏற்றக்கூடாது. நேராக அழுத்த வேண்டும், மெதுவாகத் தொடங்க வேண்டும், சாய்த்தால் முனை வழுக்கிக் கைமேல் பாயும். எல்லாவற்றையும்விட, பலகைக்குப் பின்னால் யாருடைய கையும் இருக்கக் கூடாது. பிடிக்க வேண்டியதையெல்லாம் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுவார். கிளாம்ப் போட இடமில்லாத வேலை என்றால், அந்த வேலையே வேண்டாம் என்று வந்துவிடுவார். அப்படிச் சில வேலைகள் போயின.

காதை அடைத்துக்கொண்டபிறகு வேலை நேரத்தில் நானும் அவரும் ஒன்றுதான். எனக்கு என் மூச்சும் மிஷினின் மங்கிய அதிர்வும் மட்டும் தெரியும். அவருக்கு நாள் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று ஒருநாள் தோன்றியது. சாயங்காலம் நான் பஞ்சை எடுத்ததும் தெருவின் ஹாரன், காக்கை, டீக்கடைப் பாத்திரம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதும். அவரைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். திரும்பி நின்றுகொண்டு எடுப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். வாரத்தில் சில நாள் அப்பாவுக்குப் போன் செய்வாள். அவர் போனைக் காதில் வைத்து, "ம்... ம்... சரிம்மா" என்பார். அவளிடம் மட்டும் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டார். எழுதி அனுப்பு என்று நான் அவளிடம் சொல்லியிருந்தேன். ஆனாலும் அவளுக்கு அப்பாவின் குரல் வேண்டும்.

போன மாதம் செம்மண்டலத்திலேயே ஒரு வீட்டில் வேலை. மதியம் மகள் என்னைப் போனில் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, அப்பாவுக்கு அதில் விருப்பமில்லையா என்று கேட்டாள்.

எனக்கு அதுவரை எதுவும் தெரியாது. அப்பாவிடம் எப்போது சொன்னாய் என்று கேட்டேன்.

"திங்கக்கெழமையே சொன்னம்மா. மொதல்ல அவருட்டதான் சொல்லணும்னு நெனச்சன். சரிம்மான்னாரு. அவ்ளோதான். வேற ஒண்ணுமே கேக்கல."

நான் போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். அவர் முழந்தாளிட்டு அலமாரியின் அடிப்பலகையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் போய் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தார். பாப்பாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது என்றேன். இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"எப்ப சொன்னா?"

உங்களிடம்தான் முதலில் சொன்னாளாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போதுதான் போன் வந்தது என்றேன். அவர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். போனை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வந்த அழைப்புகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

போனைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பென்சிலை எடுத்து, ஏற்கெனவே போட்டிருந்த கோட்டின் மேலேயே இன்னொரு முறை இழுத்தார்.

"நான் இன்னா சொன்னனாம்?" என்று கேட்டார்.

"சரின்னு சொன்னீங்களாம்" என்றேன்.