காதில் சூடு போட்ட ஆடுகள்

போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்பில் அவரைப் பார்த்தேன். நரைத்த தாடி, வெயிலில் கருகிய முகம். வண்டி எங்கே நின்றாலும் இறங்கி, எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்த பிறகே ஏறுவார்.

“ஏறுங்கண்ணே வெரசா. இங்க யாரைக் களவாண்டுட்டுப் போகப் போறாங்க?” என்றார் டிரைவர்.

எனக்கு வலியப் பேச வராது. அன்று கேட்டுவிட்டேன். “ஏண்ணே இப்படி?”

“நானும் தம்பியும் அரபு நாட்டுல, எல்லை ஓரமா ஆடு மேய்ச்சோம் அப்பு. அங்க குலங்குலமாத்தான் இருப்பாங்க, கூட்டம்னு சொல்லுவோம். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கூட்டம் ஒண்ணு வந்து ஆட்டையும் அவனையும் ஓட்டிட்டுப் போயிருச்சு. ரெண்டு நாட்டு அதிகாரிகளும் கூடாரத்துல உக்காந்து பேசினாங்க. நாந்தான் ஏலக்காய் தட்டிப் போட்டுக் காப்பி ஊத்துனேன். எந்தக் கூட்டத்துல கொள்ளை போச்சோ அதுக்கே திருப்பிக் குடுக்கணும்னு ஒப்பந்தம். மொதலாளி ஆட்டுக் காதுல சூடு போட்டு வச்சிருந்தாரு. அடையாளம் பாத்து எல்லாத்தையும் குடுத்துட்டாங்க.”

“தம்பி?”

“கேட்டேன். எந்தக் கூட்டத்து ஆளுன்னாங்க. நம்ம ஊரு ராசிங்காபுரம்னேன். ஒப்பந்தத்துல அப்படி ஒரு கூட்டம் இல்லைன்னுட்டாங்க.”

கேரள எல்லைச் செக்போஸ்ட்டில் ஜீப் நின்றது. அவருக்கு முன்னே நான் இறங்கிப் பார்த்தேன்.

“எல்லாரும் இருக்காங்கண்ணே.”

அவர் தலையாட்டினார். பிறகு தானும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.