ஈரத் தூளில் ஊற்றிய எண்ணெய்

மேலாளர் ஐயா, இட்லி வேகும் ஆவிப் பெட்டியின் கதவை மல்லிகா சரியாக மூடவில்லை என்று நீங்கள் சொன்னது பொய். அந்தக் கதவில் ஆவி கசியாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டைக் கெடுத்தவன் நான்!

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஊருக்காகச் சொல்கிறேன்.

நம் ரப்பர் கம்பெனியில் சிலிக்கோன் பசையோடு சிலிக்கா தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். சூடு ஏற்றி, ஈரம் போகும்வரை பிசைய வேண்டும். அப்போதுதான் தூள் பசையைப் பிடித்து ரப்பருக்கு வலு கொடுக்கும். இல்லையென்றால் உள்ளே கட்டி கட்டியாக நிற்கும்... அங்கேதான் கிழியும்.

அன்று அடைமழை. தூள் ஈரம் குடித்திருந்தது. கூடுதல் நேரம் சூட்டில் வைக்க வேண்டிய நாள். நீங்கள் பாதியிலேயே வந்து கத்தினீர்கள்.

"இன்னாபா, பட்டுப் பாவா போட்டுக்கினு இருக்குற? லாரி நிக்குது, இறக்குபா!"

அரைச் சூட்டிலேயே இறக்கினேன். கலவை உதிர்ந்தது. உருளையில் படியவில்லை. நான் நெசவு வீட்டில் பிறந்தவன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு விறைத்தால் கஞ்சியில் துளி எண்ணெய் விடுவோம், நூல் இளகிவிடும். அந்தக் கைப்பழக்கம்... சிலிக்கோன் எண்ணெயை ஒரு குவளை கூடுதலாக ஊற்றிவிட்டேன்! கலவை வழவழவென்று மின்னியது. நீங்கள் முதுகில் தட்டிக்கொடுத்தீர்கள். கட்டிகள் கரையவில்லை, மறைந்துகொண்டன. எனக்குத் தெரியாதா? தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கலவையில் செய்த கேஸ்கெட் சின்ன காஞ்சிபுரத்தில் ஓர் உணவு விடுதிக்குப் போனது. இட்லி வெந்துகொண்டிருக்கும்போதே கிழிந்தது. பீறிட்ட ஆவி, சமையல் செய்த மல்லிகாவின் வலக்கையை வேகவைத்தது. இப்போது விரல்கள் மடங்குவதில்லை. உங்கள் பேச்சை நம்பி விடுதிக்காரர் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மல்லிகா என் தெருக்காரி. நேற்று குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"கதவ நல்லாத்தாண்ணா மூடினேன். நீ அந்தக் கம்பெனிலதான இருக்குற... ரப்பரு தானா கிழியுமா?"

"தெரிலமா" என்றேன். சீ!

என் மகனுக்கும் உங்களிடம்தான் வேலை. "வாய் தொறந்தா அப்பனும் புள்ளையும் வூட்டுல குந்திக்கினு ஈ ஓட்டுங்க" என்று சிரித்தீர்களே... அந்தச் சிரிப்புக்குள்தான் அடைபட்டுக் கிடந்தேன். கம்பெனிக்குள் உங்கள் முகம், தெருவுக்கு வந்தால் அவள் கை. எங்கே போவேன்?

இதைச் சொன்னதால் பாரம் இறங்கிவிட்டதா? இல்லை. அவள் இன்றும் இடக்கையால்தான் குடம் தூக்குகிறாள்.

எண்ணெய் ஊற்றியவன் நான். அதை எங்கே கேட்டாலும் சொல்வேன். சூட்டைப் பாதியில் நிறுத்தச் சொன்னது யார்? அந்த விடுதி வாசலில், மல்லிகா எதிரில், ஊரே கேட்க, நீங்கள் பதில் சொல்லுங்கள்!