உரசும் இடமெல்லாம் எண்ணெய்

அந்தத் தெருவில் ஒரு கதவுகூடக் கிறீச்சிடாது. குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிள், காய்கறிக்காரரின் தள்ளுவண்டி, கடைகளின் இரும்பு ஷட்டர் எல்லாம் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். காரணம் சின்னவள். எங்கேயாவது இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் காதில் விழுந்துவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. மூக்கு நீண்ட எண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூப்பிட்ட வீடு, கூப்பிடாத வீடு எல்லாவற்றிலும் புகுந்து இரண்டு சொட்டு விட்டுவிட்டு வருவாள். மற்றவர்கள் பக்கத்து வீட்டுக்கு வம்பு பேசப் போனார்கள். இவள் எண்ணெய் விடப் போனாள். போன இடத்தில் வம்பும் பேசினாள் என்பது வேறு விஷயம்.

தொழில் தையல். சரிவான அந்தத் தெருவின் கீழ்க்கோடியில் அவளும் அவள் அக்காவும் சேர்ந்து நடத்தும் கடை. தெருவுக்கே அக்கா பெரியவள், இவள் சின்னவள். கடைக்குள் இரண்டு தையல் மெஷின்கள் எதிரும் புதிருமாக இருக்கும். காலையில் ஷட்டர் திறந்ததும் தொடங்கும் சண்டை, மாலையில் விளக்கை அணைக்கும்வரை ஓயாது. நூலின் நிறம் ஒத்துப்போகவில்லை, ஃபேனை யார் தன் பக்கம் திருப்பியது, சின்ன வயதில் அந்தப் பொம்மையின் கையை உடைத்தது யார்... தீர்ப்பே வராத வழக்குகள் ஏராளம். சட்டை வாங்க வந்தவர்கள், சட்டை கைக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இத்தனைக்கும் ஒருத்தி தும்மினால் இன்னொருத்தி மாத்திரை எடுத்து நீட்டுவாள், திட்டிக்கொண்டேதான்.

மெஷின் இரண்டையும் பிரித்து மாட்டுவது சின்னவளின் வேலை. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உரசுகிற இடத்தில் எல்லாம் எண்ணெய் விடு, ஆடுகிற திருகை எல்லாம் முறுக்கு: இந்த இரண்டே விதியை வைத்துக்கொண்டு இத்தனை வருடமும் ஓட்டிவிட்டாள். அவள் கணவர் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர். ஒருநாள் அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றுபோய், உதைத்து உதைத்து அவர் சட்டை நனைந்துவிட்டது. சின்னவள் மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, மாட்டி, ஒரு உதை. வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. அந்தச் சத்தத்தில் அவள் மனசு பறிபோனது, முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் என்னைப் பார்த்து ஒரு தடவையாவது இவள் இப்படிச் சிரித்ததுண்டா என்று அந்த மனிதர் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவள் கண்ணில் அந்த அறிவிப்பு பட்டது. பஸ் நிறுத்தத்தை ஒட்டிய தொழிற்பயிற்சிப் பள்ளியில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக் படிப்பு, ஒரு வருடம், பகல் வகுப்பு, வயது வரம்பு இல்லை. பெயர் கொடுக்க மாதக் கடைசிவரை நேரம் இருந்தது. அன்று சமையலில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

"என்ன விஷயம்?" என்றார் கணவர், தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

அவள் சொன்னாள்.

"சேர்ந்துடேன். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"எனக்கு எதுக்குங்க பள்ளிக்கூடம்? எனக்குத் தெரியாததையா அவங்க சொல்லித் தரப்போறாங்க?"

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் பயம். முப்பத்தாறு வயதில், மீசை முளைக்கத் தொடங்கிய பையன்களுக்கு நடுவே போய் உட்கார வேண்டும். அதில் பாதிப் பேருக்கு முதல் அரைக்கால்சட்டை தைத்துக் கொடுத்ததே அவள்தான். வாத்தியார் ஏதாவது கேட்டு அவளுக்குத் தெரியாமல் போய்விட்டால்? தெருவே மெச்சுகிற கைக்காரி, ஒன்றும் தெரியாதவள் என்று ஆகிவிடுமே. அந்தப் பயத்தைக்கூட விழுங்கிவிடலாம். அக்காவிடம் எப்படிச் சொல்வது?

சொல்லத்தான் செய்தாள். பெரியவள் கத்தரிக்கோலை நிறுத்தாமல், "போ. தாராளமா போ" என்றாள். எந்த அக்கா இப்படிச் சொன்னாலும் அதற்குப் போகாதே என்றுதான் அர்த்தம் என்பது தங்கைகளுக்குத் தெரியும்.

அன்றோடு பெரியவள் சண்டையை நிறுத்திவிட்டாள். நூல் நிறம் மாறினால் பேசாமல் மாற்றிக்கொண்டாள். ஃபேன் தங்கை பக்கமே திரும்பிக் கிடந்தது. பொம்மையைப் பற்றிப் பேச்சே இல்லை. கடையில் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வந்தவர்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று மெல்லிய குரலில் விசாரித்தார்கள். சின்னவளுக்கு அந்த அமைதி தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. வேண்டுமென்றே ஒரு காலரைக் கோணலாகத் தைத்து வைத்துப் பார்த்தாள். அக்கா அதை எடுத்தாள், பிரித்தாள், சரியாகத் தைத்தாள். ஒரு வார்த்தை வரவேண்டுமே! அன்று சாயங்காலம் சின்னவள் வீட்டுக்குப் போய் அழுதாள்.

அழுது முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். பள்ளிக்கூடமே வேண்டாம். மாதம் முடிய இன்னும் சில நாள்தான். அதற்குள் கணவரின் வண்டியை முழுசாகப் பிரித்து, துடைத்து, மாட்டி ஓட வைத்துவிட வேண்டும். அது ஓடிவிட்டால் தனக்குப் படிப்பு தேவையில்லை என்று ஊரும் ஒப்புக்கொள்ளும், தன் மனசும் ஒப்புக்கொள்ளும். அக்காவும் பழையபடி திட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையை அக்காவிடம் விட்டுவிட்டு, தெருவின் மேட்டில் இருந்த தன் வீட்டு வாசலில் பழைய படுக்கை விரிப்பை விரித்து வேலையைத் தொடங்கினாள். கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினாள், வெட்டிய துணியைக் கை வேறு கழுத்து வேறாக அடுக்குவதுபோல. அக்கம்பக்கத்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சங்கிலிக்கு எண்ணெய். கம்பிகளுக்கு எண்ணெய். சக்கரத்தையும் விடவில்லை, அதைக் கழற்றி உள்ளே பார்த்தால் பிறை வடிவத்தில் இரண்டு கட்டைகள், தேய்ந்து வழவழவென்று. "பாவம், எவ்வளவு நாளா உரசிக்கிட்டு இருக்கோ!" என்று அதற்கும் தாராளமாக விட்டாள். முன் சக்கரத்துக்கும் அதே உபசாரம்.

மதியம் தாண்டி வண்டி தயாரானது. ஒரே உதையில் கிளம்பியது. கூடியிருந்தவர்கள் கைதட்ட, கணவர் மாப்பிள்ளைபோல ஏறி உட்கார்ந்து புறப்பட்டார். பட்டுபோல் போனது வண்டி. சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு அவர் திரும்பி வந்தார். வாசலைக் கடக்கும்போது ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். சின்னவளும் ஆட்டினாள். அவர் நிற்காமல் போய்விட்டார். இரண்டாம் சுற்றில் முகத்தை அஷ்டகோணலாக்கி என்னவோ கத்தினார். வண்டிச் சத்தத்திலும் கைதட்டலிலும் யாருக்கும் கேட்கவில்லை. "மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம் பாரேன்!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சைக்கிளைக்கூட முந்தத் தெரியாத சாது அவர். மூன்றாம் சுற்றில்தான் இன்ஜினை அணைக்க வேண்டும் என்ற புத்தி வந்தது. அதற்குள் வண்டி சரிவில் இறங்கிவிட்டது. கால் இரண்டையும் தரையில் தேய்த்துக்கொண்டு, ஒரு செருப்பு இந்தப் பக்கம், ஒரு செருப்பு அந்தப் பக்கம் பறக்க, நேராகக் கீழே போய், தையல் கடைக்குள் நுழைந்து, துணி மூட்டைகளில் போய்ப் புதைந்து நின்றார்.

சின்னவள் தலைதெறிக்க ஓடினாள். பின்னாலேயே தெரு ஓடியது. கடைக்குள் அவர் வெறுங்காலோடு வண்டிமேல் உட்கார்ந்திருந்தார், ஒரு கீறல்கூட இல்லாமல். பெரியவள் கையில் கத்தரிக்கோலோடு அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாப்பிள்ளை, அளவு கொடுக்கணும்னா இறங்கி வரணும். வண்டியோட எல்லாம் எடுக்க முடியாது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியவள் தங்கையிடம் திரும்பினாள்.

"என்னடி பண்ணித் தொலைச்சே?"

"எண்ணெய் விட்டேன்."

"எங்க?"

"உரசுற இடத்துல எல்லாம்."

பெரியவள் யோசித்தாள். "அது சரிதானே?"

"சரிதான்க்கா!"

"சரின்னா நான் எப்படி அண்ணி உள்ள வந்தேன்?" என்றார் கணவர், அழாத குறையாக.

கூட்டத்தில் இருந்த முக்குக் கடை மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அக்கா, பிரேக் கட்டைக்கு யாராவது எண்ணெய் விடுவாங்களா? அது உரசணும்க்கா. உரசினாத்தான் வண்டி நிக்கும்!"

தெரு முழுக்கச் சிரித்தது. சின்னவள் முகம் சிவந்து, காது சூடாகி, இப்போதே பூமி பிளக்கட்டும் என்று நின்றாள். பூமி பிளக்கவில்லை. அப்படியே நின்றதில் மெக்கானிக் சொன்னது மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. உரசுவதற்கென்றே ஒரு பொருளைச் செய்து, சக்கரத்துக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள்! எண்ணெய் டப்பாவோடு தெருத் தெருவாக இத்தனை காலம் அவள் விரட்டியது எதையோ, அதையே வண்டி செய்தவர்கள் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். இந்த வண்டிக்குள் தனக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவு இருக்கும்? நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதற்குப் பயந்து பள்ளிக்கூடம் வேண்டாம் என்றாளோ அது நடந்தே விட்டது. ஒன்றும் தெரியாதவள் என்று தெருவே பார்த்துச் சிரித்து முடித்துவிட்டது. இனி வாத்தியாரிடம் மறைக்க என்ன இருக்கிறது?

கூட்டம் கலைந்தது. கணவர் செருப்பைத் தேடப் போனார். சகோதரிகள் இருவரும் சரிந்த மூட்டைகளை அடுக்கினார்கள்.

"நீ அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த்தான் ஆகணும்" என்றாள் பெரியவள். "இல்லேன்னா இந்தத் தெருவுல ஒருத்தரும் உயிரோட மிஞ்ச மாட்டாங்க."

"அப்ப கடை?"

"கடைக்கு என்ன? காலர் தைக்க ஆள் கிடைக்கும். பட்டன் தைக்க ஆள் கிடைக்கும்." மூட்டையை வைத்த கையை அவள் எடுக்கவில்லை. "சண்டை போட எனக்கு எங்கடி ஆள் கிடைக்கும்?"

பெரியவளின் கண் நிரம்பிவிட்டது. கடையைப் பற்றிய கவலையே அல்ல அது. எதிர் மெஷினில் தங்கை இல்லாத ஒரு பகலை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சண்டையை நிறுத்தி அதற்குத்தான் பழகிப் பார்த்திருக்கிறாள். சின்னவளுக்குப் புரிந்ததும் அக்காவைக் கட்டிக்கொண்டாள். எண்ணெய்க் கையோடு கட்டிக்கொண்டதால் அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. அந்தத் திட்டு எவ்வளவு இனித்தது என்று சொல்லி மாளாது.

"சாயங்காலம் வந்து போடறேன்க்கா."

"பகல் முழுக்க நான் என்ன பண்றது?"

"சேர்த்து வை."

மறுநாளே சின்னவள் போய்ப் பெயர் கொடுத்தாள். வகுப்பு தொடங்கிய அன்று வாத்தியார் ஒவ்வொருவரிடமும் இதற்குமுன் வண்டி வேலை செய்ததுண்டா என்று கேட்டார். சின்னவள் எழுந்து நின்று, கணவர் கையை ஆட்டியது, தான் பதிலுக்கு ஆட்டியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் அவள்தான்.

மாலையில் கையெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்டு கடைக்கு வந்தாள். எதிர் மெஷினில் யாரும் உட்காரவில்லை. அதன்மேல் விரித்த உறைகூட அப்படியே இருந்தது. பெரியவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அங்கேயே நில்லுடி. கையைக் கழுவாம உள்ள வந்தே, இருக்கு உனக்கு."

"வந்ததும் வராததுமா ஏன்க்கா கத்தறே?"

"கத்துவேன். காலையிலேருந்து காத்துக்கிட்டு இருக்கேன். சீக்கிரம் கழுவிட்டு வா."