ஒரு மாதம் தொடாத கோப்புகள்

என் கொழுந்தியாள் பாடுபட்டு வரைந்து சேர்த்த ரவிக்கை டிசைன்களை அழித்தவன் நான். பழியை அவள்மீதே போட்டவனும் நான்தான்.

சின்னமனூரில் என் தங்கை ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பகலில் அங்கே போய் உட்காருவேன். மாலையானால் தங்கை ஒவ்வொரு கணினியாகப் போய்க் குப்பைக் கோப்புகளை நீக்கி, அணைத்துவிட்டு வருவாள். கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்தால் கணினியே இதைச் செய்துகொள்ளும், அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர் என யூடியூபில் பார்த்தேன். அதை எழுதிப் பழகியபோது மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தது போலிருந்தது. ஒரு புள்ளியை விட்டாலும் கணினியிடம் திட்டு விழும். ஒரு நாள் நான் பொத்தானைத் தட்ட, அத்தனை கணினிகளும் ஒன்றாக அணைந்தன. அரைக்கால் சட்டைப் பையனைப் போலக் கைதட்டினேன்.

"அண்ணே, நீங்க இம்புட்டுச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல" என்றாள் தங்கை.

அந்தத் திமிரில் இன்னொரு கட்டளையும் சேர்த்தேன். ஒரு மாதம் யாரும் திறக்காத கோப்பு குப்பை; அழித்துவிடு. யாரையும் கேட்கவில்லை.

கொழுந்தியாள், ரவிக்கையில் ஊசியால் பூப்போடும் ஆரி வேலைக்கான தன் டிசைன்களை அந்த சென்டரில்தான் வரைந்து வைத்திருந்தாள். ஏலக்காய் பறிக்க மலையேறினால் அவள் இறங்கி வர ஒரு மாதத்துக்கு மேலாகும். எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான். எனக்குத் தெரியாததல்ல. எழுதும்போது நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வந்தவள் கணினியைத் திறந்து மேலும் கீழும் தேடினாள்.

"மச்சான், ஒண்ணையும் காணோமே! தேனி தையல்கடைக்காரக திங்கக்கெழம டிசைனோட வரச் சொல்லியிருக்காக. பிடிச்சா வேலை தாரேன்னாக. இல்லாட்டி மறுபடி மலைதான்."

அவள் முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், "நீ சேவ் பண்ணாம விட்டிருப்ப" என்றேன்.

வாத்தியார் சொன்னதை அவள் நம்பினாள். "எந் தலையில களிமண்ணுதான் இருக்கு" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப நான் கிறுக்கி இல்லையா?" என்றாள் முதலில். பிறகுதான் திட்டினாள். அதில் எழுதத் தக்கது இது ஒன்றுதான்: "இத்தன வருசம் பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீக?"

திங்களன்று நானும் அவளோடு தேனிக்குப் போனேன். தவறு என்னுடையது என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அங்கன இருக்க சிஸ்டத்துல ஒண்ணு வரைஞ்சு காட்டும்மா" என்றார் அவளிடம். அவள் ஏலக்காய்க் கொத்தொன்றைக் ரவிக்கையின் கழுத்தோரம் ஓடவிட்டு வரைந்தாள். வேலை கிடைத்தது. அழிந்த டிசைன்கள் திரும்பவில்லை.

ஸ்கிரிப்டை மாற்றி எழுதினேன். இப்போது அது எதையும் அழிப்பதில்லை. பழைய கோப்புகளைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு, உரியவர்களைக் கேட்கும்படி தங்கைக்கு நினைவூட்டும்.

கொழுந்தியாள் ஞாயிறுதோறும் வந்து என்னிடமே ஸ்கிரிப்ட் படிக்கிறாள். ஒரு டிசைனை எல்லா அளவுகளுக்கும் மாற்றித் தரும் ஒன்றை அவளே எழுதிவிட்டாள். ஆனால் எழுந்து போகுமுன், கழுத்துக் கயிற்றில் தொங்கும் பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்கிறாள்.

"இன்னும் என்மேல நம்பிக்கை வரலையா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"உங்களை நம்பாம யாரை நம்பப் போறேன், மச்சான்?" என்று சிரித்தபடி அதை முந்தானைக்குள் போட்டுக்கொண்டாள்.

அது கேலியா மன்னிப்பா என்று இந்த வயதிலும் எனக்குப் பிடிபடவில்லை.