கோழி எத்தனையாவது ஆள்?

நாய்த் தீனி உருண்டைகள் ஏழெட்டை உள்ளங்கையில் போட்டு, மறு கையால் மூடி, சூடேறும்வரை வைத்திருந்துவிட்டு மூக்குக்குக் கொண்டுபோகிறார் ஜான்சி. கண்கள் தானாக மூடிக்கொள்கின்றன. "எண்ணெ காறிப்போச்சி. வாணாம், எடுத்துட்டுப் போயிடுங்க" என்கிறார். சாம்பிள் கொண்டுவந்த கம்பெனிக்காரர் டை கட்டியவர். ஆராய்ச்சி, விட்டமின் என்று ஏதோ ஆரம்பிக்கிறார். அதற்குள் ஜான்சி அடுத்த பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மைதானத்துக்கு எதிர்ச் சந்தில் அவருடைய கடை. அதற்கு முன் பதினைந்து வருடம் முதுநகரில் கருவாட்டு வியாபாரம். நாய் வளர்ப்பவர்கள் உதிரிக் கருவாடு வாங்க வர, பேச்சு தீனிப் பக்கம் போக, வியாபாரமும் அந்தப் பக்கமே போய்விட்டது. மூக்கு மட்டும் பழைய உத்தியோகத்திலேயே இருக்கிறது. என் நாய் தெருவில் கிடைத்தது. ரசம் சாதம் தின்று என்னைவிட நன்றாக இருக்கிறது. ஆனாலும் வாரம் ஒருமுறை அந்தக் கடைக்குப் போய்விடுவேன், பேச்சுக்காக.

மூட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை அவர் விளக்கிக் கேட்க வேண்டும். உள்ளே போட்டதில் எது எடை அதிகமோ அதன் பெயர்தான் முதலில் வரும். பச்சைக் கோழிக்கறி என்று முதலில் இருந்தால் நானெல்லாம் மயங்கிவிடுவேன். ஜான்சி மயங்க மாட்டார். "பச்ச மீனு பத்து கிலோ காய வச்சா மூணு கிலோ தேறுனா பெருசு சார். கோழி மட்டும் என்னா? தண்ணியோட எட போட்டு மொத ஆளா நிக்க வச்சிருக்கான். கோழித் தூளுன்னு போட்டிருந்தா அது காஞ்ச எட, அத நம்பலாம்." பிறகு விரல் கீழே இறங்குகிறது. மக்காச்சோளம், மக்காச்சோள மாவு, மக்காச்சோளப் புரதம். "ஒரே ஆளு மூணு சட்ட மாத்திகிட்டு வரிசையில நிக்கிறான் பாருங்க. மூணையும் சேத்தா அவன்தான் ஜாஸ்தி!" சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் இரண்டு மாதம் முன்பு சறுக்கியது. சிதம்பரம் கீழவீதி ராஜமாணிக்கம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு அவருக்குத் துணை ராணி என்கிற லாப்ரடார் ஒன்றுதான். மூன்று வருடமாக ஜான்சி சொன்ன ஒரே தீனி. ஒருநாள் அவர் ஃபோன் செய்தபோது நானும் கடையில் இருந்தேன், ஜான்சி ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "ஏம்மா ஜான்சி, ராணி ரெண்டு மடங்கு வெளிக்குப் போவுதும்மா. நான்தான அள்றன், எனக்குத் தெரியாதா? ஒடம்ப வேற சொறிஞ்சிகிட்டே கெடக்குது."

"அதே மூட்டதான் சார். தண்ணி ஒத்துக்காம இருக்கும், காய்ச்சிக் குடுத்துப் பாருங்க" என்று வைத்துவிட்டார். அவர் சொன்ன தோரணையில் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே புகார். எரிச்சலோடுதான் ஜான்சி மூட்டையைப் புரட்டினார். முன்பக்கம் அதே படம், அதே சிரிக்கிற நாய். பின்பக்கம் வரிசை மாறியிருந்தது. கோழித் தூள் ஆறாவது இடத்துக்கு இறங்கி, பச்சைக் கோழி முதலுக்கு வந்து, நடுவில் மூன்று சட்டைக்காரர். ஊருக்கே படித்துக் காட்டுகிறவர், நம்பின மூட்டையைப் படிக்காமல் விற்றிருக்கிறார். முகம் சுண்டிப்போயிற்று. "என் வாயில மண்ண போட" என்று தன்னையே திட்டிக்கொண்டார். வாங்கியவர்களையெல்லாம் ஃபோனில் அழைத்து, மூட்டையைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். ராஜமாணிக்கத்திடம் மட்டும் ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை வேறு தீனியோடு சிதம்பரம் பஸ் ஏறினார். எனக்கும் அங்கே வேலை இருந்தது, இல்லாவிட்டாலும் போயிருப்பேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "தப்பு எம்மேலதான் சார். தீனிய மாத்திட்டான், நான் பாக்கல" என்றார். பெரியவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் அடுப்படியைக் காட்டினார். வெள்ளைத் துணி கட்டிய குண்டானில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வாரமா காய்ச்சி, ஆற வச்சி, வடிகட்டித்தாம்மா வைக்கிறன். நீ சொன்னியேன்னு."

ஜான்சி வெகுநேரம் ராணியின் கழுத்தையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு புதுத் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றும் விதத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எனக்கே பாவமாக இருந்தது.

இப்போது ராணிக்குச் சொறி நின்றுவிட்டது. அள்ளுவதும் பாதியாகிவிட்டதாம், ராஜமாணிக்கம் அதை ஏதோ பதவி உயர்வு வந்த மாதிரி ஃபோனில் அறிவிக்கிறார்.

நேற்று கடைக்குப் போனபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. அத்தனை மூட்டையையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். சிரிக்கிற நாய் ஒன்றுகூட இல்லை. பொடி எழுத்துதான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டம்மாள் டீச்சர் தன் பொமரேனியனை இடுப்பில் வைத்துக்கொண்டு அலமாரி முன்னால் திண்டாடினார்.

"இந்தப் பொடி எழுத்து எனக்கு எங்க தெரியுது ஜான்சி? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நீயே ஒண்ண எடு."

ஜான்சி எடுக்கவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, டீச்சரிடம் நீட்டினார்.